வெயில் விற்கும் கடை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1993இல் நேசமலருக்குக் கிடைத்த வேலை, செயற்கை வெயிலில் ஆட்களைப் படுக்கவைத்து உடம்பைப் பழுப்பாக்கும் கடையைத் துப்புரவு செய்வது. நீல வெளிச்சத்தில் கிடந்த வெள்ளைக்காரப் பெண்கள் எழும்பிப் போனதும் கண்ணாடிப் படுக்கையிலிருக்கும் வியர்வையைத் துடைப்பாள். சுவரெல்லாம் தேன் நிற உடம்புகளின் படங்கள். பருத்தித்துறையிலிருந்து வந்த அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காசு கொடுத்துக் கறுக்கிறார்களே!

வீட்டில் நிலைமை வேறு. அவளுக்கு வயது இருபத்தொன்பது. அண்ணன் விமலநாதன் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அண்ணி தமிழ்க் கடையில் வெள்ளையாக்கும் கிறீம் வாங்கி வந்து பூசச் சொன்னாள். சம்பந்தத்துக்கு அனுப்பப் படம் பிடித்தவரும் தன் பங்குக்கு அவள் முகத்தை நன்றாக வெளிறவைத்துக் கொடுத்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மியூனிக்கிலிருந்து ரயிலேறி வந்தான் பாஸ்கரன். கதவைத் திறந்தவளிடம், "நேசமலர் நிக்கிறாவோ?" என்று கேட்டான்.

"நான்தான்."

அவன் முகம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு மரியாதையாகச் சிரித்தான், தேத்தண்ணி குடித்தான், குளிரைப் பற்றிக் கதைத்தான். அவன் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. "வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன், அண்ணை" என்று விமலநாதனிடம் சொல்லிப் போனவனிடமிருந்து பதில் வரவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பல வாரங்கள் அவளே ஓடிப்போய் எடுத்தாள்.

அந்த வசந்தத்தில் கடைக்கு வழமையாக வரும் பெட்ரா, தன் கையை அவள் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "எத்தனை தரம் படுத்தாலும் எனக்கு இந்த நிறம் வராது. நீ எவ்வளவு அழகு, தெரியுமா?"

வேலை முடிந்ததும் நேசமலர் தொங்கு ரயிலில் ஏறாமல் நடந்தே போனாள். கடைக் கண்ணாடிகளில் தன்னைப் பார்த்தபடி நடந்தாள். வீட்டுக்கு வந்து பெட்ரா சொன்னதை அண்ணியிடம் சொன்னாள்.

"அவளுக்கென்ன, ரெண்டு மாதம் கடைக்கு வராட்டில் திரும்ப வெள்ளையாயிடுவாள். நீ அப்பிடியோ?" என்றாள் அண்ணி.

ஆனாலும் அடுத்த சம்பந்தம் வந்தபோது நேசமலர், "வேறை படம் எடுத்து, இருக்கிறபடியே அனுப்புங்கோ அண்ணை" என்றாள். அண்ணன் தயங்கித் தயங்கி அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. மூன்று வருடம் இப்படியே போனது.

1997இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கராசா வந்தார்; அவளைக் கட்டினார். டோர்ட்மண்டில் ரொட்டி சுடும் வெதுப்பகமொன்றில் வேலை. அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். அதிகம் பேசாத நல்ல மனிதர். அவளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பார்.

ஒரு ஞாயிறு, தலை முழுகிக் கூந்தலை உலரவிட்டபடி அவள் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, நான் வடிவோ?"

அவர் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். "உதென்ன கேள்வி? வடிவில்லாமலோ கட்டினனான்?"

அன்பான பதில்தான். அவள் சிரித்தாள். ஆனாலும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார் என்று, கூந்தலை முடியாமல், ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.