பிள்ளைக்காம்பராவுக்கு வந்த ஸ்காட்லாந்துப் புத்தகங்கள்

காலையில் என் பஸ்ஸில் ஏறும் ஒரு கனவான், நனைந்த குடையைப் பக்கத்து இருக்கையில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு, வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் தரையில், தன் இரண்டு சப்பாத்துகளுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். நாய்களும் ஏறி இறங்குகிற தரை அது. பனி உருகிய சேறு வேறு. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுப் போய், அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைக்கக் கை துறுதுறுக்கும். ஸ்காட்லாந்துக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. பகல் மூன்றரைக்கே இருட்டுவதற்குப் பழகிவிட்டேன், உப்பில்லாத சூப்புக்கும் பழகிவிட்டேன். இதற்கு மட்டும் பழகவில்லை.

இலங்கையில், மடுல்சீமைக்கும் மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வோம். என்ன புத்தகம் என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அதே நாங்கள்தான் பசறை பஸ் ஸ்டாண்ட் கடையில் பழைய பரீட்சைத் தாளில் சுற்றித் தரும் வடையை வாங்கித் தின்றுவிட்டு, எண்ணெய் ஊறிய தாளைக் கசக்கி எறிகிறவர்கள். தாள் வேறு, அட்டை போட்ட புத்தகம் வேறு. இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

என் மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். பதுளை–மடுல்சீமைப் பாதையில் தனியார் பஸ் ஓட்டிய கைக்கு இந்த ஊர் ரோடு தாலாட்டு மாதிரி. வண்டி திரும்பும் இடத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. உள்ளே ஹீட்டர் எரியும். குளிர்காயப் போய் உட்கார்ந்தவனைத்தான் ஐலீன் பிடித்துக்கொண்டார். ஐலீன் அங்கே வேலை பார்க்கும் பெண்மணி, நல்லவர், வாயாடி. ஒரு வருஷத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதிய பன்னிரண்டு புத்தகங்களை வாசிக்க வேண்டும் என்று ஒரு வாசிப்புச் சவால் நடத்திக்கொண்டிருந்தார். சேர்ந்தவர்கள் வாசித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஈடாக, வெளிநாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போகுமாம். எந்தப் பிள்ளைகளுக்கு என்பதுதான் முடிவாகவில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வேண்டும்?" என்று கேட்டார்.

"எதுவானாலும் பரவாயில்லை" என்றேன்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. கொடுக்க வருகிறவரிடம் இன்னது வேண்டும் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முதலில் எதுவானாலும் பரவாயில்லை என்போம். அவர், "அட, சும்மா சொல்லுங்க" என்று இரண்டாம் தரம் கேட்பார். அப்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓலெவல் பரீட்சையோட பழைய கேள்வித்தாளு, அதான் பாஸ்ட் பேப்பரு, ஒரு டிக்ஷனரி இருந்தா நல்லதுங்க" என்று இழுப்போம். இரண்டாம் தரம் கேட்கும் பழக்கம் இந்த நாட்டில் கிடையாது. ஐலீன் சந்தோஷமாக அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் டிக்ஷனரியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். வெளிநாடு வந்திருக்கும் என் சொந்தங்களுக்குச் சொல்லிவைக்கிறேன், யாராவது கேட்டால் முதல் தரமே சொல்லித் தொலைத்துவிடுங்கள்.

ஆனால் வாசித்தேன். வெறி பிடித்தவன் போல வாசித்தேன். நான் முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் என் அக்கா மகள் சௌமியாவின் கையில் ஒன்று சேரும் என்ற நினைப்பு. சில பக்கங்களில் ஊர்ப்பேச்சை அப்படியே எழுதியிருப்பார்கள். ஒரு சொல்லும் புரியாது. பஸ்ஸில் ஏறும் கிழவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஒரு நாவலில், செம்மறியாடு மேய நிலம் வேண்டும் என்பதற்காக மலையில் குடியிருந்தவர்களின் கூரைக்கு நெருப்பு வைத்து விரட்டுகிறார்கள். வெறும் பஸ்ஸில் உட்கார்ந்து அதை வாசித்து அழுதேன். எங்கள் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் இருப்பதும் அந்த ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர்தான். அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரத் துரைக்குத் தன் ஊரில் நடந்தது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதானே எங்கள் ஆட்களை வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராக்களில் அடைத்தான். அழுகை போய்க் கோபம்தான் மிஞ்சியது. நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எவ்வளவு அழகான தொடர்பு, சிவா" என்று சொல்லி, ஐலீன் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தின்ன மனம் வரவில்லை.

மார்கழியில் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். மழையென்றால் அப்படி மழை. மடுல்சீமை தாண்டியதும் மண்சரிந்து பாதை பாதியாகக் கிடந்தது. மிச்சத்தை நடந்தேன். அக்கா செல்வமணி பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தைத் திருப்பாமல், உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தாள்.

"கழுத்துக்கு என்னாச்சு?"

"ஓன் பொஸ்தகந்தான்" என்றாள். "புரட்டாசியிலயே பாத சரிஞ்சு, லொறி சரிவுக்கிட்டயே நின்னுருச்சு. தம்பி அனுப்புன சாமான் மழையில கெடக்குதேனு நாங்க பொம்பளையாளுக கொழுந்துக் கூடையில போட்டுத் தூக்கிட்டு வந்தோம். பாஸ்ட் பேப்பருனு நெனச்சோம்."

கயிற்றைத் தலையில் மாட்டி, நாள் முழுக்கக் கொழுந்து சுமந்த அதே கூடையில், அந்த ஏற்றத்தில். நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த வாசிப்பெல்லாம் இவள் கழுத்தில் ஏறியிருக்கிறது.

பெட்டிகளைப் பழைய பிள்ளைக்காம்பராவில் அடுக்கியிருந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்ல வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அறை. புதிது கட்டியபிறகு அதில் ஓலெவல் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடந்துவந்தது. தோட்டத்திலேயே ஒழுகாத கூரை அது ஒன்றுதான். சௌமியாவுக்கு இந்தத் தடவை பரீட்சை. லயத்துக் காம்பராவில் ஆறு பேருக்கு நடுவில் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? இப்போது அறை முழுக்கப் பெட்டி. பிள்ளைகள் வெளியே தாழ்வாரத்தில் சாரல் அடிக்க உட்கார்ந்து, கொப்பியை மடிக்குள் மறைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். வகுப்பெடுக்கும் ரெஜினா மிஸ் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் பெட்டியைத் திறந்தேன். ஈரமும் பூஞ்சணமும் பழைய ஆட்களின் அலுமாரி வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. கோல்ஃப் விளையாட்டு விதிகள். சால்மன் மீனுக்குத் தூண்டில் கட்டும் முறை. விஸ்கி வடிக்கும் இடங்களுக்கு வழிகாட்டி. வேட்டைநாய் வளர்ப்பு. செத்துப்போனவர்களின் பரணிலிருந்து வாரிக் கொட்டியவை. ஒவ்வொன்றிலும் கட்டம்போட்ட ரிப்பன் கட்டி, "ஸ்காட்லாந்தின் அன்புடன்" என்று ஒரு சீட்டு. ஒரு புத்தகத்தில் பக்க அடையாளத்துக்காக யாரோ புண்ணில் ஒட்டிக் கழற்றிய பிளாஸ்டரை வைத்திருந்தார்கள். இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.  நான் வாசித்த பன்னிரண்டில் ஒன்றைக்கூட அதில் காணவில்லை.

"ஏன் மிஸ் இதையெல்லாம் வச்சிருக்கீங்க? தூக்கி எறியலாமே."

"எங்க எறியிறதுண்ணே?" என்றார் ரெஜினா மிஸ். "பசறையில பழைய பேப்பர்க்காரருகிட்ட கேட்டேன், ஈரத்தாளு வேணாம்னுட்டாரு. நான் இயேசுவக் கும்பிடுற வேதக்காரி, எனக்கே பொஸ்தகத்தக் குப்பையில போட மனசு வரல. இவங்க சரஸ்வதி பூசையன்னைக்கு இந்தப் பெட்டிக்கெல்லாம் பொட்டு வச்சாங்க."

பார்த்தேன். நாய் வளர்ப்புப் பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

கோயில் மேட்டில்தான் ஃபோனுக்கு சிக்னல் வரும். அங்கே நின்று ஐலீனைக் கூப்பிட்டேன். புத்தகங்கள் பூஞ்சணம் பிடித்தவை, எந்தப் பிள்ளைக்கும் உதவாதவை, வகுப்பு வெளியே மழையில் நடக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். 

"ஆனால் எதுவானாலும் பரவாயில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சிவா" என்றார். அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. பிறகு, "நிறைவு விழாவுக்கு ஒரு படம் மட்டும் கிடைக்குமா? பிள்ளைகள் புத்தகத்தோடு சிரிப்பது போல. எல்லோரும் காத்திருக்கிறார்கள்" என்றார்.

வெட்கம்கெட்டவன், நான் முயன்றும் பார்த்தேன். சௌமியாவின் கையில் விஸ்கிப் புத்தகத்தைக் கொடுத்து நிற்கவைத்தேன். அவள் அதன் மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நின்றாள்.

"மாமா, சீக்கிரம் எடுங்க. வாந்தி வருது."

ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். இவளுடைய சிரிப்பை வைத்து அவர்கள் தங்கள் பரண் சுத்தமானதைக் கொண்டாடுவார்கள், நான் அதற்குப் படம்பிடித்துக் கொடுப்பேன். ச்சீ என்றிருந்தது.

மறுநாள் அக்கா என்னிடம் மண்வெட்டியை நீட்டினாள்.

"நீயே பொதச்சிரு தம்பி. புள்ளைக்கிப் பரீட்ச வருது. எங்களால ஏலாது. நீதான் இப்ப அந்த ஊர்க்காரனாச்சே, ஒனக்குப் பாவம் ஒட்டாது."

அவள் குத்திப் பேசவில்லை. உப்பை எடுத்துக் கொடு என்பது போலத்தான் சொன்னாள். மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

லயத்துக்குப் பின்னால் பழைய குப்பைக் குழி இருக்கிறது. அதை ஆழமாக்கி, ஒவ்வொரு பெட்டியாகச் சுமந்துபோய்க் கொட்டினேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் கைகொடுக்கவும் இல்லை. வாசல்களில் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூஞ்சணம் விரலில் பிசுபிசுத்தது. ரிப்பன்கள் சேற்றில் பளிச்சென்று கிடந்தன. கடைசிப் பெட்டியின் அடி கிழிந்து, கோல்ஃப் விதிப் புத்தகம் என் காலில் விழுந்தது. உதைத்துத் தள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் குனிந்து, அதைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டிருந்தேன். சேறும் பூஞ்சணமும் கண்ணுக்குள் போய் எரிந்தது.

மண்ணை மூடிவிட்டுத் திரும்பினால் அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனாள். நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எழவுக்குப் போய்வந்தவர்களுக்கு வைப்பது போல, படிக்கு வெளியே ஒரு வாளியில் சுடுதண்ணீர் வைத்திருந்தாள்.

"குளிச்சிட்டு உள்ள வா."

பிள்ளைக்காம்பராவில் மிஸ் தரையைக் கழுவிப் பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டார். சௌமியா ஏதோ கேள்வியைச் சத்தமாக வாசிப்பது கேட்டது. நான் வாளிக்கு முன்னால் நின்றேன். அந்த ஊர்க்காரன் என்றால் எனக்கு எதற்கு இந்தத் தண்ணீர்? இந்த ஊர்க்காரன் என்றால் என் கையில் எதற்கு அந்த மண்வெட்டி? கேட்க ஆளில்லை. கண் எரிந்துகொண்டே இருந்தது. மழையில் வெளியே நின்று, சுடுதண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.