பொடி சாரின் குதிகால்

பேச்சுக்கு நடுவில் பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைப்பார். உள்ளே வெள்ளைப் பொடி. எதிரே இருப்பவர் அதைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் குப்பியை இரண்டு விரல்களால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டுவார். அப்படியும் கண்டுகொள்ளாதவரிடம், "இது என்னன்னு நினைக்கிறீங்க?" என்று தாமே ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவர், ஏணியில் நின்றபடியே மொத்தக் கதையையும் கேட்க வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பொடி சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முன்னால் வெறும் சார்.

குப்பியில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. முகப் பவுடரிலும் சுவருக்கு அடிக்கும் பெயின்டிலும் காலங்காலமாக இருக்கிற சங்கதிதான். இளம் வயதில் அதை மற்றவர்களைவிட நுண்ணியதாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். அது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதையும் யாரும் மறுக்கவில்லை. கையில் கிடைத்த பொடியை எதன் தலையில் கொட்டலாம் என்று தேடுவதிலேயே ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது. இரும்புத் தகட்டில் போட்டார், துரு பிடிக்காது என்றார். ஏரித் தண்ணீரில் போட்டார், பாசி வராது என்றார். மூச்சை ஊதினால் நோயைச் சொல்லும் கருவி என்று ஒன்று செய்து அதிலும் போட்டார். கடைசியாகப் புண்ணில் வந்து நிற்கிறார். "நம்ம பொடிக்குத் துறையே கிடையாதும்மா. உலோகத்துல ஆரம்பிச்சு உடம்பு வரைக்கும் எல்லாம் நம்ம கையில" என்பார், ஏதோ ராஜ்யங்களைப் பிடித்துவிட்ட தோரணையில்.

மாணவர்களின் பெயர்கூட அவருக்கு நினைவிருப்பதில்லை. பொடியை எதில் போடுகிறார்களோ அதுதான் பெயர். துருக்காரன், தண்ணிக்காரன், மூச்சுக்காரி. புண்ணுக்குக் கட்டும் வலைத்துணியில் பொடி ஏற்றுகிறவள் துணிக்காரி. நல்ல பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ஆராய்ச்சிக்கு வந்தவள். இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. இன்னும் அவளுடைய ஆய்வேட்டில் சார் கையெழுத்துப் போட்டபாடில்லை.

ஆய்வேட்டை அவர் படித்தும் தொலைக்க மாட்டார். வரைபடத்தை மட்டும் கேட்பார். "கோடு மேல போகுதா, கீழ போகுதா?" மேலே போனால், "எழுது." கீழே போனால், "தலைகீழா வரைஞ்சு பாரு." ஒரு மனிதர் இதைச் சொல்லியே பேராசிரியராகி, துறைத்தலைவராகி, மாலையும் போட்டுக்கொண்டார் என்றால் யாரை நொந்துகொள்வது?

கூடத்தில் மாதிரிகளை உலர்த்துவதற்கென்று ஒரு மின்னடுப்பு உண்டு. மதியம் ஆனால் அதில் சாரின் சாப்பாட்டு டப்பா ஏறும். உள்ளே யாருடைய துணி காய்ந்துகொண்டிருந்தாலும் சரி, அரைகுறையாக வெளியே வந்தாக வேண்டும். பொடியை ஸ்பிரிட்டில் கலக்கித்தான் எதிலும் ஏற்றுவார்கள். அந்த ஸ்பிரிட் வைத்திருக்கும் அலமாரிச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். ஒரு மூடி ஸ்பிரிட்டுக்கு ஒரு மணி நேரப் பிரசங்கம் கேட்க வேண்டும். பொடி போட்ட துணியோடு ஒப்பிட்டுப் பார்க்க, பொடி போடாத வெறும் துணி ஒன்று வேண்டுமல்லவா? அதையும் ஸ்பிரிட்டில் நனைக்கட்டுமா என்று ஆரம்பத்திலேயே துணிக்காரி கேட்டாள். "வெறும் துணிக்கு எதுக்கு ஸ்பிரிட்? அது என்ன கல்யாணத்துக்கா போகுது, குளிச்சு முழுகி வர?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். வெறும் துணி அன்று முதல் பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே சோதனைக்குப் போயிற்று.

சோதனை அமோகமாக வந்தது. கிருமி வளரும் தட்டில் வெறும் துணியைச் சுற்றிக் கிருமி மொய்த்தது. பொடித்துணியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம், அதற்குள் ஒன்றுகூட இல்லை. சார் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகக் காட்டிவிட்டு வந்தார்.

மனிதருக்கு நடைதான் கொஞ்சம் இழுக்கும். வலது காலில் பளபளக்கும் ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு. சர்க்கரை வியாதி. குதிகாலில் புண் வந்து மாதக்கணக்காகிறது, ஆறுகிற வழியைக் காணோம். அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. கேட்டால், "செருப்பு கடிச்சிடுச்சு" என்பார். எந்தச் செருப்பு இப்படி வருஷத்தில் பாதி நாள் கடிக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் கிடையாது.

ஒருநாள் அவர் மனைவி, சார் வீட்டில் மறந்துவிட்டு வந்த கட்டுத்துணியையும் களிம்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். மருந்துக்கடைச் சரக்கு. வாசலில் துணிக்காரியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஊர் உலகத்துப் புண்ணையெல்லாம் ஆத்துற துணி நீதான் பண்றியாமே. இவருக்கு ஒண்ணு வெட்டிக் குடேன். நான் சொன்னா எரிஞ்சு விழறாரு."

துணிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் துணி ஒரு நிஜமான காலில் ஏறப்போகிறது! நல்லதாக ஒரு துண்டு வெட்டி, சுத்தமான டப்பாவில் வைத்து, அவர் அறைக்கே கொண்டுபோனாள். சார் டப்பாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"என் கால் என்ன சோதனைச்சாலையா?" என்றார். மருந்துக்கடைப் பொட்டலத்தை மட்டும் வாங்கி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

டப்பாவோடு திரும்பி வந்தவளுக்கு அன்று வேலை ஓடவில்லை. ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற மனிதர், தம் காலுக்கு வேண்டாம் என்கிறார். ஏன்? அந்த ஒரு கேள்விதான் அவளை அரித்தது. கண்ணாடி கழுவ என்று சொல்லி ஸ்பிரிட் வாங்கினாள். பொடியே போடாத வெறும் துணியை அதில் நனைத்து, வழக்கம்போல அரைகுறையாக உலர்த்தித் தட்டில் வைத்தாள். சார் வெளியூர் போன நாளாகப் பார்த்து, சாப்பாட்டு டப்பாவின் தொல்லையில்லாமல், ஒரு பொடித்துணியை ஈரமே இல்லாமல் காய வைத்து இன்னொரு தட்டில் வைத்தாள்.

மறுநாள் தட்டுகளைத் திறந்தாள். பொடியில்லாத துணியைச் சுற்றி அதே பளிச்சென்ற வளையம். நன்றாகக் காய்ந்த பொடித்துணியின் விளிம்பு வரை கிருமி ஜம்மென்று வளர்ந்திருந்தது. கிருமியைக் கொன்றது பொடியே இல்லை. சரியாகக் காயாத ஸ்பிரிட்.

நம்ப முடியாமல் திரும்பத் திரும்பச் செய்தாள். மாறவில்லை. துருக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை.

"எனக்கும் அப்படித்தாங்க்கா. தகட்டை ஸ்பிரிட்ல துடைச்சா எண்ணெய்ப் பிசுக்கு போயிடும், பெயின்ட் கெட்டியா ஒட்டிக்கும். அந்தப் பெயின்ட்ல பொடி போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

"தெரிஞ்சே ஏன்ப்பா சொல்லலே?"

"சொல்லிட்டு எங்க போறது? தண்ணிக்காரனோட பாசியும் ஸ்பிரிட்லதான் செத்துச்சு. மூச்சுக்காரியோட கருவி எப்போ கத்தும்னு நினைக்கிறீங்க? பக்கத்துல ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தா கத்தும்."

ஆக, இந்தக் கூடத்தில் இத்தனை காலமும் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தது ஒரு பாட்டில் ஸ்பிரிட். அதற்கு மாலை போட்டிருந்தாலாவது நியாயமாக இருந்திருக்கும்.

துரு பிடித்தால் இரும்பு போகும், போகட்டும். துணிக்காரியின் கதை அப்படியல்ல. பெரிய ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா இந்தத் துணியைத் தம் வார்டில் போட்டுப் பார்க்கச் சம்மதித்திருந்தார். மாணவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் ஆராய்ச்சி நாளன்று நேரில் வந்து பார்த்துவிட்டு ஆரம்பிப்பதாக ஏற்பாடு. அங்கே சர்க்கரைப் புண்ணோடு படுத்திருப்பவர்களுக்கு விரலா, பாதமா, எவ்வளவு எடுப்பது என்பதுதான் பேச்சே. இருக்கிற கட்டை அவிழ்த்துவிட்டு இந்த உதவாக்கரைத் துணியைக் கட்டினால் என்ன ஆகும்?

வீட்டில் கணவனிடம் சொன்னாள். பேருந்து ஓட்டுகிறவன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"சொன்னா கையெழுத்துப் போட மாட்டாரு, அப்படித்தானே?"

"ஜென்மத்துக்கும் போட மாட்டாரு."

"சொல்லலைன்னா நீ புரண்டு புரண்டு படுப்பே. எனக்கும் தூக்கம் கெடும், வண்டியை எங்கயாவது கொண்டுபோய் முட்டணும். போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னாள். தட்டுகளை வரிசையாக அவர் மேசைமேல் வைத்து, நிதானமாக விளக்கினாள். சார் தட்டுகளைப் பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும்: யாரோ தம் வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போனதுபோலப் பார்த்தார்.

"வெறும் துணிக்கு ஸ்பிரிட் போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலே சார். ஆனா அப்படிப் போட்டுப் பாத்தாத்தானே சார் தெரியும்?"

"பாத்தாச்சுல்ல. தட்டைக் கழுவி வை."

"வார்டுல இருக்கிறவங்க காலு சார்..."

"தீங்கு ஒண்ணும் இல்லையேம்மா. முகத்துக்கே பூசிக்கிறாங்க. நோயாளிக்கு ஒரு நம்பிக்கை வந்தாலே பாதி ஆறிடும். ஆராய்ச்சி நாள் முடியட்டும், உன் ஆய்வேட்டுல கையெழுத்தைப் போட்டுடறேன். நான் பேசறேன். நீ வாயைத் திறக்காம பக்கத்துல நின்னா போதும்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். இதைச் சொல்லும்போது மேசைக்கடியில் அவருடைய இடது கால் ஒரு மெத்தை வைத்த முக்காலிமேல், மருந்துக்கடைக் கட்டோடு, சொகுசாக இருந்தது.

ஆராய்ச்சி நாளன்று பெரிய கூடத்தில் சுவர் தெரியாமல் படங்களும் வரைபடங்களும் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் ஒரு மாணவனோ மாணவியோ, இரவல் கோட்டில் விறைப்பாக நின்றார்கள். பாலம் விரிசல் விடுவதைப் பற்றி ஒருவன், கைக்குழந்தைகளின் இருமலைப் பற்றி ஒருத்தி. பொடி சாருக்கு மட்டும் பலகை முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். ஷூவும் செருப்புமாகக் கால் நீட்டி உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் குப்பியை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் துணிக்காரி, கையில் மாதிரித் துணி இருந்த டப்பாவோடு, சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா வந்தார். பேச்சில் சுற்றி வளைக்காத மனுஷி. பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். சார் தம் பிரசங்கத்தை முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். தட்டுல நல்லாத்தான் இருக்கு. ஆனா, போட்டிருக்கிற கட்டை நான் நிறுத்தணும். அது தப்பாப் போனா ஒருத்தரோட காலு போயிடும். மனுஷங்க யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"அந்தப் பெருமை உங்க வார்டுக்குத்தான் டாக்டர்" என்றார் சார், வாய் கூசாமல். "முதல் ஆளை நீங்களே பாத்துத் தேர்ந்தெடுங்க."

துணிக்காரிக்குக் காதெல்லாம் சூடாயிற்று. கையெழுத்து, விட்ட வேலை, குழந்தையைப் பார்க்காமல் இங்கே கழித்த வருஷங்கள், எல்லாம் ஒரு கணம் கண்முன்னால் வந்து நின்றன. ஸ்பிரிட் என்று ஆரம்பித்தால் அவர் ஆயிரம் சப்பைக்கட்டு கட்டுவார். கூடமே அவர் பக்கம் தலையாட்டும். அவள் டப்பாவைத் திறந்தாள்.

"டாக்டர், வார்டு வரைக்கும் எதுக்கு? சாருக்கே இடது குதிகால்ல ஆறாத புண்ணு இருக்கு. மாசக்கணக்கா இருக்கு. இதோ துணி. நீங்க இருக்கும்போதே கட்டி விட்டுடலாம்." டப்பாவிலிருந்த இடுக்கியைக் கையில் எடுத்தாள். "தீங்கு ஒண்ணும் இல்லைன்னு சார்தான் சொன்னாரு."

பக்கத்துப் பலகையில் துருக்காரன் விளக்கத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்படியா சார்? முதல்லயே சொல்லியிருக்கலாமே. காட்டுங்க பாப்போம்." பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, புடவையை ஒதுக்கி, அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணிக்காரி இடுக்கியால் துணியை எடுத்து நீட்டினாள்.

பொடி சார் சிரித்தார். குப்பியைப் பையில் போட்டார், உடனே வெளியே எடுத்தார், மறுபடியும் போட்டார். "சின்ன விஷயம் டாக்டர், செருப்பு கடிச்சது" என்று என்னவோ முணுமுணுத்தார். டாக்டரம்மாவின் கை குதிகாலை நோக்கி நீண்டது.

கால் வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. ரப்பர் செருப்பு மட்டும் கழன்று வெளியே கிடந்தது.