மொழி தெரியாத பிரிண்டரும் மாரியப்பனின் தாள்களும்

ஷீபா போன் செய்தபோது பகல் பதினொன்றரை மணி. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். பின்கட்டில் பிணவறை கவுன்டரின் கிளார்க் ஷீபா.

"அண்ணா, கொஞ்சம் வேகமா வரணும். பிரிண்ட் மூணு தடவையும் பாதி பேஜ்லயே நின்னுபோச்சு. பாடி எடுக்க வந்தவங்க காலையிலேருந்து நிக்கறாங்க, பாவம்."

இறந்தவர் மாரியப்பன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டட வேலை. முந்தின நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் போனபோது அவருடைய தம்பி முருகன் கவுன்டரை ஒட்டி நின்றிருந்தார். நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பொழுது அடையுறதுக்குள்ள ஊர் சேரணும். இருட்டிட்டா எடுக்க மாட்டாங்க. அம்மா காத்துக்கிட்டு இருக்கு."

கவுன்டர் கணினியில் பிரிண்ட் க்யூவைத் திறந்து பார்த்தேன். வழக்கமாகச் சில நூறு கேபிக்குள் அடங்கும், உடலை ஒப்படைக்கும் படிவம், இருபது எம்பிக்கு மேல் காட்டியது. காரணம் உடனே புரிந்தது. போன வாரம் அங்கிருந்த பழைய லேசர் பிரிண்டர் பழுதானதும், விலை குறைவு என்று ஒரு சின்ன பிரிண்டரை வைத்தது நான்தான்.

பழையதற்கு பிசிஎல் என்ற பிரிண்டர் மொழி தெரியும். இந்த இடத்தில் இந்த எழுத்து, இத்தனை பிரதி என்று குறிப்பு அனுப்பினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். புதியதற்கு அப்படி எந்த மொழியும் தெரியாது. சர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் முழுப் படமாக மாற்றி, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பின்கட்டுக்குப் போகும் நெட்வொர்க் லைனோ பழையது. பாதி வழியில் இணைப்பு அறுந்து, மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கியது. வாங்கிய அன்று என் மேஜையில் கேபிள் சொருகி ஒரே ஒரு பக்கம் அடித்துப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஜாபை கேன்சல் செய்துவிட்டு முன்கட்டுக்கு ஓடினேன். அங்கே அட்மிஷனில் பிசிஎல் பிரிண்டர் இருந்தது. ஒரு நிமிடத்தில் எல்லாத் தாள்களும் வந்துவிட்டன. எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். அவர் வெளியே வந்து கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ் கிளம்ப மணி இரண்டரை ஆனது.

ஏறும்போது முருகன், "மெஷின் கோளாறுக்கு நீங்க என்ன சார் செய்வீங்க" என்றார். பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஷீபாவிடம் நம்பர் வாங்கி முருகனுக்குப் போன் செய்தேன்.

"இருட்டிட்டு சார். ஐஸ் பெட்டியில வச்சு மறுநா காலையிலதான் எடுத்தோம். அம்மா ராத்திரி பூரா பெட்டியவிட்டு எந்திரிக்கல."

அப்போதுதான் சொன்னேன், அது மெஷின் கோளாறு இல்லை, என் கோளாறு என்று. "சரி சார்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் வாங்கிய ஒவ்வொரு பிரிண்டரையும், அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து, அங்கே ஓடும் லைனில், அங்கே அடிக்கும் படிவத்தை எல்லாப் பிரதிகளோடும் அடித்துப் பார்த்தேன். க்யூவில் அளவு என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிய வந்த விதம் வேறு.