லிஃப்ட் மாமாவின் ஒரு விரல்

எங்கள் கிடங்குக்கு அந்த லிஃப்ட் வந்தபோது அதன் பெயிண்ட் வாசம்கூடப் போயிருக்கவில்லை. மஞ்சள் கம்பிகளால் ஆன பெரிய கூண்டு. கீழே சரக்கை உள்ளே தள்ளி, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே நின்றபடி பச்சைப் பொத்தானை அமுக்கினால் மேல்தளத்துக்கு ஏறிப் போகும். ஆள் ஏறக் கூடாது, சரக்கு மட்டும்தான். வாசலில் இரண்டு பக்கமும், இடுப்பு உயரத்தில், உருண்டையாகச் சின்னக் கண்ணாடிகள். ஏதாவது மூட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கண்கள் பார்த்துவிடும்; சிவப்பு விளக்கு எரியும்; கூண்டு நகராது. எல்லோரும் ஆசையாக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் கிட்டேயே போகவில்லை.

பிள்ளைகளே, அதற்கு முன்னால் கிள்ளானில் அந்தக் கிடங்கில் உங்கள் அப்பாவுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவின் துணிக்கடைகளுக்குப் போகிற துணிக்கட்டுகள் துறைமுகத்திலிருந்து வந்து எங்களிடம்தான் இறங்கும். இரண்டு பேர் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படியில் தூக்கிப் போகும் கட்டை நான் ஒருவனாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போவேன். "டேய், அண்ணே வராரு, ஒதுங்கு லா!" என்று யாராவது கத்துவார்கள். படியில் நிற்பவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு வழிவிட்டது கிடையாது. இங்கே விட்டார்கள்.

லிஃப்டை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, இருப்பவர்களில் மூத்தவன் நான், எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். முதலாளி கை காட்டியது டெங்கிலிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த ஓர் ஒல்லி மனிதரை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தத் தோள வச்சுக்கிட்டு பொத்தானா அமுக்கப் போற? அதுக்கு அவன் போதும் லா." பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் லிஃப்ட் வந்த பிறகு அங்கே தோளுக்கு என்ன வேலை? லோரியிலிருந்து இறக்கி, தள்ளுவண்டியில் கூண்டுவரைக்கும் கொண்டுபோய் விடுவேன். அதற்குமேல் அவருடைய ராஜ்ஜியம். சரக்கை இப்படி வை, அப்படி நகர்த்து என்று அவர் சொல்ல, நான் கேட்க வேண்டும். அவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேறு. தலைக்குமேல் ஒரு காற்றாடி. ஒருநாள் சோற்றுப் பாத்திரம் கொடுக்க வந்த உங்கள் அம்மா, "அவரு சட்ட இன்னும் மடிப்புக் கலையாம இருக்கு பாத்தீங்களா?" என்றாள். ஈரத்தில் முதுகோடு ஒட்டிக்கிடந்த என் பனியனை நான் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எல்லோருக்கும் நல்லவர். ஆயுத பூசைக்கு நாங்கள் குடும்பத்தோடு கிடங்குக்குப் போவோம் அல்லவா, அந்த வருடம் பெரியவளை அவர் கூப்பிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்க விட்டார். வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "அப்பா, நீங்க ஏன் முக்கி முக்கித் தூக்குறீங்க? லிஃப்ட் மாமா ஒரு வெரல்ல தூக்குறாரே!" நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன். அந்த ஒரு விரல் இன்றுவரை என் நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த ஆயுத பூசைக்குப் பெரியவள் பள்ளியில் முதலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கும் வேலையை முதலாளியம்மா அவளிடம் கொடுத்தார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் தூக்கிக்கொண்டு அவள் தராசுக்கு வைத்தாள், தள்ளுவண்டிகளுக்கு வைத்தாள், லிஃப்டுக்கு வைத்தாள். தேங்காய் உடைத்து, தீபம் காட்டி, புது வேட்டியோடு முதலாளி முதல் சரக்கை மேலே அனுப்பப் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு. மறுபடி அமுக்கினார். கூண்டு அசையவில்லை.

லிஃப்ட் மாமா சரக்கை நகர்த்திப் பார்த்தார். முழுவதையும் வெளியே எடுத்தும் பார்த்தார். மாலையை அவிழ்த்தார், வாழைக்கன்றை நகர்த்தினார். சிவப்பு போகவில்லை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரவேண்டிய மெக்கானிக் சாலை ஜேமில் மாட்டிக்கொண்டார். அதற்குள் துறைமுகத்திலிருந்து தீபாவளிச் சரக்கு லோரி வந்து வாசலில் நின்றுவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. "பூசையன்னிக்கே மானத்த வாங்கிட்டியே பா!" என்று முதலாளி அவரைக் கடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏறுப்பா மாடிப்படில!"

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். திருவிழாபோல இருந்தது. பூசைக்குப் போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினேன். கட்டைத் தோளில் ஏற்றினேன். "அண்ணே வராரு, ஒதுங்கு!" பழைய குரல். ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் பெரியவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாயைத் திறந்தபடி. லிஃப்ட் மாமாவும் ஒரு கட்டைத் தூக்கப் பார்த்து, இரண்டு படியில் தடுமாறி இறக்கி வைத்தார். "வெரல் போதுமா மாமா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் லிஃப்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பெரியவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். உட்கார்ந்த உயரத்தில்தான் கண்ணாடிமேல் இருந்த பொட்டு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லா மெஷினிலும் பொட்டு இருந்ததால் அந்தப் பொட்டை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டதைப் பெரியவள்தான் பிறகு வீட்டில் சொன்னாள்.

"குட்டி, இங்க யாரு பொட்டு வச்சா?"

"நாந்தான் மாமா. லிஃப்டுக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல, ரெண்டுக்கும் வச்சேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. சுற்றிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "பாவம், அதுக்குக் கண்ணு தெரியலையாம். வச்ச கையாலயே தொடச்சு விடுறியா?" அவள் பாவாடை நுனியால் இரண்டு கண்ணையும் துடைத்தாள். சிவப்பு அணைந்தது. அவரே அவள் விரலைப் பிடித்துப் பச்சையில் வைத்தார். கூண்டு கிளம்பியது. கைதட்டலும் விசிலும் கூரையில் இடித்தன. எல்லோரும் அங்கே ஓடினார்கள்.

நான் மாடிப்படியின் நடுவில், தோளில் கட்டோடு நின்றேன். வழிவிட ஆள் இல்லை. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் காலிக் கூண்டு என்னைத் தாண்டி மேலே போயிற்று. கீழே அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அண்ணே, எறக்கிருங்க, லிஃப்ட் ஓடுது!" என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது பெரியவள் பாலிடெக்னிக்கில் மெஷின் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். ஏன் இந்தப் படிப்பு என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். சின்ன வயதில் லிஃப்ட் மாமாவோடு சேர்ந்து ஒரு லிஃப்டை ஓட வைத்தேன், அதனால்தான் என்று சொன்னாளாம். சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். மறுநாள் கிடங்கில் இதைக் கேட்டு லிஃப்ட் மாமா கண் கலங்கினார். அதைக்கூட என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பெரியவளே, நீ சொன்னது உண்மைதான் அம்மா. எங்கே கேட்டாலும் அப்படியே சொல். ஆனால் நீ பார்க்காத ஒன்றும் அன்று நடந்தது. அந்தக் கட்டை நான் பாதிப் படியில் இறக்கவில்லை. தோளிலேயே கொண்டுபோய் மேலே வைத்துவிட்டுத்தான் இறங்கி வந்தேன்.