சுறாத்தோல் போட்ட கெப்

கல்முனைக்குடிக் கடற்கரையில் நின்று மீராசாஹிபு என்று சொன்னால், எந்த மீராசாஹிபு என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். சைக்கிளில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, சூடை மீனும் கீரி மீனும் ஏற்றி, நற்பிட்டிமுனை ஒழுங்கைகளில் கூவி விற்றுத் தொடங்கியவர். சைக்கிள் மோட்டார் சைக்கிளானது. மோட்டார் சைக்கிள் சின்ன லொறியானது. லொறி போய் இப்போது வாசலில் பின்பெட்டி வைத்த வெள்ளைக் கெப் ஒன்று நிற்கிறது. ஒருத்தரும் கைகொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் தோணி வந்த நாள் ஒன்றில்கூட அவர் கரைக்குப் போகாமல் இருந்ததில்லை. இதை அவரே தினமும் நாலு பேருக்குச் சொல்வார். சொல்லாமல் விட்டாலும் ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த இன்னொரு கதையும் உண்டு. அதை மட்டும் அவர் சொல்வதில்லை. பழைய லொறியின் தட்டு கறள் பிடித்து, துரு அரித்து, ஓட்டை விழுந்திருந்த காலம். காரைதீவைத் தாண்டும்போது ஒரு முழு அறுக்குளா அந்த ஓட்டைக்குள்ளால் நழுவி றோட்டில் விழுந்துவிட்டது. பின்னால் வந்த வாத்தியார் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் துரத்தி வந்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, உங்கட மீன் இறங்கி நடக்குது" என்று கொடுத்துவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அவர் மனைவி நதீராவுக்கு, எதைச் சொல்லி அவர் வாயை அடைக்கலாம் என்ற கவலை இல்லை.

அதனால்தான் கெப் வந்து, பள்ளிவாசலில் துஆ ஓதி, நார்ஸா இனிப்புப் பங்கிட்ட அடுத்த நாளே, பின்பெட்டிக்கு உள்ளே என்ன போடுவது என்று யோசிக்கத் தொடங்கினார். வெறும் இரும்பில் மீனும் ஐஸும் ஏற்றினால் இந்தக் கெப்பும் இரண்டு மாரியில் லொறியின் வழியே போய்விடும்.

நதீராவுக்கு வேறு கவலை. அவளும் பக்கத்து வீட்டு அஸ்பியாவும் இரண்டு வருடமாக எருமைப் பாலில் தயிர் போடுகிறார்கள். ஆட்டோவில் அனுப்பிய மண்முட்டிகளில் பாதி உடைந்தே போய்ச் சேர்ந்ததால் அந்த வியாபாரம் ஊரைத் தாண்டவில்லை. இப்போது பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், சீசன் முடியும்வரை சனிக்கிழமை தோறும் தயிர் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. முதல் சனிக்கிழமை வரும் முட்டிகளைப் பார்த்துத்தான் அடுத்த கிழமைக்குச் சொல்வார். அந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று கிழமை, முழுசாக மூன்று வாரம், இருந்தது. விடியற்காலையில் மீன், பகலில் தயிர். இரண்டுக்கும் இந்த ஒரே பெட்டிதான்.

கல்முனை ரவுனில் வாகனச் சாமான் கடை வைத்திருக்கும் இன்ஸாப் இரண்டு வழி சொன்னார்.

"ஒண்டு, இந்த பிளாஸ்டிக் லைனர் காக்கா. பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி மாதிரி. தூக்கி வெச்சி ஆணி பூட்டினாச் சரி. மத்தது, அஜந்துட பட்டறையில பூச்சா அடிக்கிற. காஞ்சா றப்பர் மாதிரி இறுகிரும், இரும்ப விட்டுக் கழராது. மீனுக்கு அதுதான் நல்லம் எண்டு ஆக்கள் சொல்ற."

"எந்த ஆக்கள்? மீன் ஏத்தின ஆக்களா? முப்பத்தெட்டு வருசம் மீன் ஏத்தினவன் உனக்கு முன்னால நிக்கிறன், என்னையக் கேளு. பூச்சாம் பூச்சு! பொம்புளப் புள்ளைகள் நகத்துக்கு அடிக்கிற மாதிரி. நாலு ஐஸ் பெட்டிய இழுத்தா உரிஞ்சி வந்துரும்."

கடையின் மூலையில் தூரிகை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிச் சிரித்தார். அவர்தான் அஜந். மெதடிஸ்த கோயில் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்.

"காக்கா, ஒருக்கா பட்டறைக்கு வந்து தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்களன்."

"தொட்டுப் பாத்து வர நான் என்ன, மாப்பிள பாக்கவா போறன்?"

கடையே சிரித்தது. மீராசாஹிபு பிளாஸ்டிக் லைனரை வாங்கினார். கறுப்பாக, வழுவழுவென்று, முகம் பார்க்கலாம் போல் இருந்தது. ஆணி பூட்டக்கூட ஆளைக் கூப்பிடவில்லை. தானே துளை போட்டார், எட்டுத் துளை. தானே இறுக்கினார். மாலையானதும் கரைக்குக் கொண்டுபோய் நாலு வாளி கடல் தண்ணீரை உள்ளே ஊற்றி, அது ஓடி வெளியே வழிவதை எல்லாருக்கும் காட்டினார். மீனின் வெடுக்கு நாற்றம் கடல் தண்ணீருக்குத்தான் போகும் என்பது கரையில் யாரும் மறுக்காத நம்பிக்கை. அடுத்த இரண்டு கிழமையும் மீன் இறக்கிய பிறகு அப்படித்தான் கழுவினார்.

பொத்துவில் போக வேண்டிய சனிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை. நதீரா பன்னிரண்டு வெற்று முட்டிகளில் தண்ணீர் நிறைத்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் வரிசையாக அடுக்கினாள்.

"இதென்ன நதீரா, பரீட்சையா?"

"ஓம், பரீட்சைதான். பொத்துவில்ல போய் முழிக்கிறதுக்கு இது நல்லம். எடுங்க வண்டிய."

நற்பிட்டிமுனை றோட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வயல் பக்கத்திலிருந்து மாட்டுக் கூட்டம் ஒன்று திடீரென்று குறுக்கே ஏறும்வரை. மீராசாஹிபு பிறேக்கை மிதித்தார். பின்னால் மொத்த வைக்கோலும் முட்டிகளோடு சேர்ந்து வழுக்கி வந்து முன்தட்டில் மோதிய சத்தம் மாடுகளையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இறங்கிப் பார்த்தார்கள். ஒன்பது முட்டி ஓடாகக் கிடந்தது. வைக்கோல் நனைந்து ஒரு மூலையில் குவிந்திருந்தது.

நதீரா உடைந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "உங்கட வண்டியில ஏறின சாமான் ஒண்டும் ஒரு இடத்துல இரிக்காது போல. முட்டியும் இறங்கி நடக்கப் பாக்குது."

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆணிகளைக் கழற்றினார். லைனரைத் தூக்கிய உடனே மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. அடியில் கடல் மண், செதில், தேநீர் நிறத்தில் ஊறிப்போன தண்ணீர். மேலே வழிந்ததாக ஊருக்குக் காட்டிய தண்ணீரில் பாதி கீழே தங்கியிருந்திருக்கிறது. அவர் கையால் போட்ட எட்டுத் துளைகளைச் சுற்றியும் சிவப்பாகக் கறள் வளையம். இரண்டே கிழமையில்.

"இந்த நாத்தத்துக்கு மேல வெச்சா என்ட தயிர ஆர் திம்பாங்க?" என்றாள் நதீரா. குரலில் பகிடியோ சிரிப்போ இல்லை. "இந்த ஹோட்டல் ஓடர் போனா நானும் அஸ்பியாவும் பழையபடி வாசல்ல வெச்சித்தான் விக்கணும். உங்களுக்கு அது வெளங்குதா?"

மீராசாஹிபு லைனரை இழுத்து வேலியோரம் போட்டார். தான் வாங்கிய சாமானைத் தானே ஒதுக்குவது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

அடுத்த நாள் காலையில் அஜந்தின் பட்டறை வாசலில் கெப் போய் நின்றது. அஜந் நகப்பூச்சுக் கதையை எடுக்கவில்லை. துளைகளைப் பார்த்தார், விரலால் கறளைத் தடவிப் பார்த்தார், உள்ளே போய்ப் பூச்சு அடித்த ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

மீராசாஹிபு அதைக் கையில் வாங்கித் தடவினார். ஒரு பக்கமாகத் தடவினார், மறுபக்கமாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம். படிப்பு இல்லாத கைதான். ஆனால் எத்தனை ஆயிரம் மீனைத் தொட்ட கை!

"அட, இது சுறாத்தோல்!" என்று கத்தினார். "சுறாவக் கையில புடிச்சா வழுக்காது தம்பி. மத்த மீனெல்லாம் நழுவும், இது நழுவாது. இத நீ அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே?"

"தொட்டுப் பாருங்க எண்டு சொன்னனே காக்கா."

"சுறாத்தோல் எண்டு சொல்லல்லையே! சொல்லியிருந்தா ஓடி வந்திரிப்பன்."

அஜந் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். கறளைத் தேய்த்து, துளைகளை அடைத்து, மீன் நெய் எல்லாம் போகக் கழுவிக் காயவைத்துத்தான் அடிக்கலாம்; நெய் இருந்தால் பூச்சு ஒட்டாது. அடித்த பிறகு சனிக்கிழமை விடியும்வரை ஒரு செதில்கூட உள்ளே படக்கூடாது.

"மறுகா இன்னொண்டு. இனிமேல் கடல் தண்ணியால கழுவப்படாது."

"அப்ப வெடுக்கு?"

"கிணத்துத் தண்ணியும் சவுக்காரமும் போதும். பூச்சுக்கு அடியில தண்ணி தங்க இடமே இல்ல. ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் உப்பு அங்க போய் இருந்துரும் காக்கா."

அந்தப் புதன்கிழமை கடலுக்குத் தோணி போகவில்லை. வியாழக்கிழமை பார்த்துத் தோணி கீரி மீனை அள்ளிக்கொண்டு வந்தது. கரை முழுக்க வெள்ளியாக மின்னியது. கெப் பட்டறையில் பூச்சுக் காய நிற்கிறது. தோணி வந்த நாளில் கரைக்கு வராதவர் என்ற பேரை மீராசாஹிபு எடுப்பாரா? வீட்டுப் பின்புறத்தில் கிடந்த சைக்கிளுக்குக் காற்றடித்து, பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினார்.

"கெப் முதலாளி சைக்கிள்ல வாறாரு! என்னகா, கெப் சுருங்கிட்டா?" என்று கரையில் நின்றவர்கள் கூக்காட்டினார்கள்.

"சுருங்கல்ல, தோல் மாத்துது!" என்று அவரும் கத்தினார். "சனிக்கிழமை வந்து பாருங்கடா!"

அன்றைக்கு மூன்று தரம் பெட்டி நிரப்பி, மூன்று தரமும் விற்று முடித்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, முதல் நாள் மாலை பட்டறையிலிருந்து கொண்டுவந்த கெப்பின் பின்கதவைத் திறந்தார். கரும் சாம்பல் நிறத்தில், சுவரும் தரையும் ஒரே உடம்பாக, பெட்டி புதிதாக இருந்தது. நதீராவும் அஸ்பியாவும் தயிர் முட்டிகளை அடுக்கினார்கள். நதீரா முன்சீட்டில் ஏறி, தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடிக்குள்ளால் பின்னால் பார்த்தபடியே இருந்தாள். அக்கரைப்பற்றில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியபோது மீராசாஹிபு மிதித்த மிதியில் அவளுடைய நெற்றி முன்கண்ணாடியில் முட்டியது. முட்டிகள் அசையவில்லை.

"உனக்கும் அந்தப் பூச்சு அடிச்சிரிக்கணும்" என்றார் அவர்.

ஹோட்டல்காரர் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றின் வாழை இலையை அவிழ்த்து, முட்டியைச் சரித்தார். தயிர் கலங்கவில்லை, தண்ணீர் விடவில்லை. குனிந்து முகர்ந்தும் பார்த்தார். மீன் ஏற்றும் வண்டி என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை, மூக்கும் சொல்லவில்லை.

"அடுத்த கிழமை இன்னும் பத்து முட்டி கூட்டிக் கொண்டு வாங்க ராத்தா" என்றார்.

நதீரா தலையை மட்டும் ஆட்டினாள். கெப்பில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "இத ஆரு தெரிஞ்செடுத்த எண்டு கேட்டா ஊருல என்ன சொல்லுவீங்க?"

"நான்தான் எண்டு சொல்லுவன். பிளாஸ்டிக்கப் போட்டுப் பாக்காட்டி இதுட அருமை எப்படித் தெரியும்? ரெண்டையும் போட்டுப் பாத்த ஆள் இந்த ஊருல நான் ஒருத்தன்தான்."

கல்முனைக்குடி வந்ததும் கெப் தானாகவே கடற்கரைப் பக்கம் திரும்பியது. கடல் தண்ணீரில் கழுவும் முப்பத்தெட்டு வருடப் பழக்கம், கை அதன் பாட்டில் வளைத்துவிட்டது.

"இஞ்சேருங்க" என்று கூப்பிட்டாள் நதீரா. அவள் விரல் பின்பெட்டியைக் காட்டியது.

மீராசாஹிபு வண்டியை நிறுத்தினார். கழுத்தை நீட்டிக் கடலைப் பார்த்தார்.

"கழுவ வரல்ல. தோணி வந்திரிக்கா எண்டு பாக்கத்தான் வந்த" என்று சொல்லிவிட்டு, கெப்பைத் திருப்பி வீட்டுக் கிணற்றடிக்கு விட்டார்.