வால்ட்டருக்குத் தராத ஒரு ரன்

ரூபன் கிளெக் வேகப்பந்து வீசப் பழகியது பேருக்காகவோ புகழுக்காகவோ அல்ல, சுரங்கத்துக்குத் தப்பத்தான். வட இங்கிலாந்தில் கரி வெட்டுகிறவன் மகனாகப் பிறந்தவனுக்கு வெயிலில் பிழைக்க வேறு வழி ஏது? இளவட்டத்தில் ஒருமுறை கூரைப் பாறை சரிந்து இடுப்புவரை புதைந்து கிடந்தான். மற்றவர்கள் உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடிவிட்டார்கள். கூட வெட்டிக்கொண்டிருந்த வால்ட்டர் பிகின் மட்டும் நின்று, வெறுங்கையால் தோண்டி அவனை இழுத்துப் போட்டான். அதில் வால்ட்டருக்குப் பிய்ந்த நகங்கள் சரியாக முளைக்கவே இல்லை. ரூபனுக்கோ அன்று முதல் இருட்டென்றாலே குலை நடுங்கும்.

இரண்டு பேரையும் மேலே தூக்கிவிட்டது கிரிக்கெட்தான். ரூபன் சொந்தக் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, பந்து வீசினான். வால்ட்டர் பக்கத்துக் கவுண்டிக்கு மட்டை பிடித்தான். கூலிக்கு ஆடுகிறவர்கள், ஆகவே மைதானத்துக்குள் பக்க வாசல் வழியாகத்தான் வரவேண்டும். காசு வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு நடு வாசல், பேருக்கு முன்னால் 'மிஸ்டர்' வேறு. ரூபனின் கேப்டன் மிஸ்டர் ஃபேர்ஹர்ஸ்ட் அப்படிப்பட்ட கனவான். மட்டையும் வராது, பந்தும் வராது, ஆனாலும் கேப்டன். கொடுத்து வைத்த மகராசன்!

வருஷக்கணக்காக ஓடி ஓடி ரூபனின் முழங்கால் தேய்ந்தது. அந்தக் கோடையில் விக்கெட் விழுவதே அபூர்வமாயிற்று. அப்போதுதான் ரூபன் அணிக்கு எதிராகவே வால்ட்டரின் உதவி ஆட்டம் வந்தது. நெடுநாள் உழைத்த கூலி ஆட்டக்காரனுக்கு ஆயுளில் ஒரு முறை, மூன்று நாள் டிக்கெட் வசூலைக் கொடுத்து அனுப்பும் ஆட்டம் அது. அதில் ஒரு வழக்கம் உண்டு. அவன் மட்டை பிடிக்க வந்ததும் எதிராளி முதல் பந்தைக் கால் பக்கமாக, மெதுவாகப் போட்டு ஒரு ரன் எடுக்க விடுவான். எந்தச் சட்டத்திலும் இல்லை. மீறினவனும் இல்லை.

காலையில் ஃபேர்ஹர்ஸ்ட் கூப்பிட்டுச் சொன்னார்: "கிளெக், அடுத்த வருஷம் உன்ன வெச்சுக்கலாமான்னு கமிட்டி யோசிக்குது. இந்த ஆட்டத்துல விக்கெட் விழணும். எப்படியாவது."

வெளியே வந்தால் வால்ட்டர் சிரித்துக்கொண்டு நிற்கிறான். "டேய், மொதப் பந்து ஞாபகம் இருக்கட்டும். அதுக்கப்புறம் என் மண்டைய வேணாலும் ஒட."

"ஒடச்சா உள்ள என்னடா இருக்கும்? கரித்தூளுதான்."

"இருக்கட்டும்டா. மீன் பொரிச்சு விக்க கரித்தூளே போதும். இந்த வசூல நம்பி என் பொண்டாட்டி நெல்லி கடை பாத்து வெச்சிட்டா."

மதியம் வரை வீசியும் ரூபனுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. அவன் வீசிய ஓர் ஓவரின் ஐந்தாவது பந்தில் எதிரணிக்காரன் ஒருவன் ரன் அவுட்டானான். வால்ட்டர் உள்ளே வர, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அவனைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்! அந்தச் சத்தத்துக்கு நடுவே ஃபேர்ஹர்ஸ்ட் சொன்னார்: "இந்தப் பந்தோட உனக்குப் போதும், கிளெக். அடுத்து வேற ஆள்."

ரூபன் ஓடத் தொடங்கினான். மெதுவாகப் போடத்தான் நினைத்தான், சத்தியமாக. பாதி ஓட்டத்தில் சுரங்கத்தின் இருட்டு கண்ணில் வந்து நின்றது. வால்ட்டர் மட்டையைத் தளர்வாகப் பிடித்து, ஓடத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்திருந்தான். ரூபன் உடம்பில் மிச்சமிருந்த வேகத்தையெல்லாம் திரட்டி வீசினான். நடுக்குச்சி பிடுங்கிக்கொண்டு போய்த் தூர விழுந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. சொந்த அணிக்காரன்கூடக் கிட்டே வரவில்லை. வால்ட்டர் குச்சியைப் பார்த்தான், ரூபனைப் பார்த்தான், மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மறுநாள் பாதிக் கூட்டம்கூட இல்லை, கடைசி நாள் மழை வேறு. வசூல் போதாமல் மீன் கடை வேறு யாருக்கோ போயிற்று.

கோடை முடிந்ததும் ஃபேர்ஹர்ஸ்ட் மறுபடி கூப்பிட்டார். "கமிட்டி உன்ன விட்டுடுச்சு. முட்டி ஒரு காரணம். இன்னொண்ணு, அந்தப் பந்து. அதெல்லாம் அசிங்கம், கிளெக்."

"எப்படியாவதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்லப்பா?" என்றார் அந்த மகராசன். நாக்கு கூசவில்லை பாருங்கள்!

பனிக்காலம் பிறந்ததும் ரூபன் பழைய சுரங்கத்திலேயே போய் நின்றான். கடையில்லாத வால்ட்டரும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தான். அங்கே இரண்டிரண்டு பேராகத்தான் வெட்ட வேண்டும். மேஸ்திரி கேட்டார்: "கிளெக்கோட யாரு போறீங்க?"

எல்லாரும் விளக்கைத் துடைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். பந்தின் கதை ஊர் முழுக்கத் தெரியும்.

"யாராச்சும் வாயத் தொறங்கப்பா."

வால்ட்டர் தன் விளக்கை எடுத்தான். "நான் போறேன். பாறை விழுந்தா தோண்ட ஆள் வேணுமில்ல?" பிறகு ரூபனைப் பார்க்காமலே சொன்னான்: "ஆனா எங்கிட்ட பேச்சு வெச்சுக்காத."

இதற்குப் பதில் அவன் காறித் துப்பியிருக்கலாம் என்று ரூபனுக்குத் தோன்றியது. குனிந்து, அவன் விளக்கின் பின்னாலேயே உள்ளே போனான்.