தீயில் வாட்டிய கப்புகள்

சண்டைக்காலத்து மாரி ஒன்றில், சமையலுக்கென்று தனியாக இருந்த எங்கள் குசினி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அரியாலையில் கடலுக்குக் கிட்டத்தான் எங்கள் வளவு. கொஞ்சம் தோண்டினாலே ஈரம். ஓலைக்கூரையைத் தாங்கிய கப்புகள் மண்ணுக்குள் இருந்த இடத்தில் உக்கிப்போய், தொட்டால் உதிர்ந்தன. தூண் கட்டலாமென்றால் சீமெந்துக்குத் தட்டுப்பாடு. என் மூத்த மகள் அப்போது வயிற்றில். முற்றத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன்.

செய்தி எப்படியோ கோப்பாயில் இருந்த என் அண்ணைக்குப் போய்விட்டது. அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு நான் இவரைக் கட்டியதிலிருந்து, அண்ணை எங்கள் படலையைத் தாண்டியதில்லை.

மழை விட்ட ஒரு காலையில் மாட்டு வண்டில் வந்து நின்றது. பாதி காய்ந்த பூவரசங் கப்புகளும் எரிக்கத் தேங்காய்ப் பொச்சுமட்டையும் நிறைய இருந்தன. இறங்கிய அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"ஒரு கிடங்கு வெட்டச் சொல்லு," என்றார்.

என் கணவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். மண்வெட்டியை எடுத்து வந்து வெட்டினார். அண்ணை அதில் நெருப்பு மூட்டி, மண்ணுக்குள் போகவேண்டிய அடிப்பக்கம் தணலுக்கு மேலே வரும்படி கப்புகளைக் கிடத்தினார்.

"நல்ல மரத்தை ஏன் எரிக்கிறாரெண்டு கேளும்," என்றார் இவர் என்னிடம்.

"எரிக்கேல்லை, வாட்டிறன். உள்ளீரம் போகவேணும். மேலே கரி பிடிச்சால் மண்ணிலை இருக்கிற தண்ணி லேசிலை ஊறாது எண்டு சொல்லு," என்றார் அண்ணை.

நான் எதையும் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகவே கேட்டது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடுவில் நின்றேன், அவ்வளவுதான்.

கப்புகளின் நுனியில் நீர் நுரைத்துச் சீறியது. திடீரென்று காற்று மாறி, ஒரு கப்பில் தீ பற்றிக்கொண்டது.

"மச்சான், பிரட்டும்! கெதியாப் பிரட்டும்!" என்று அண்ணை கத்தினார்.

"பிடிச்சிட்டன் அண்ணை! நீங்கள் மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ!"

இரண்டு பேரும் சேர்ந்து அதை ஈரமண்ணில் உருட்டி அணைத்தார்கள். பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. "இது காணுமோ?" "இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும்," என்று அவர்களே கதைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கப்புகள் எத்தனையோ மாரியைத் தாங்கின. அந்தக் கூரையின் கீழ்தான் என் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு வடித்தேன். வீம்பை விட்டு வண்டில் கட்டிக்கொண்டு வந்த அண்ணையையும், கூப்பிட்ட குரலுக்கு உடனே "அண்ணை" என்று பதில் கொடுத்த இவரையும் நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அண்ணை கை கழுவ, இவர் தண்ணீர் அள்ளி ஊற்றினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. புகையிலை விலையைப் பற்றி அவர்கள் கதைத்து முடிக்கட்டும் என்று நான் கூப்பிடாமல் இருந்தேன்.